சேற்றைச் சோதி! கணக்கை ஊர் கையில் கொடு!



கோடையில் ஏரி வற்றினால் நமக்கு வண்டல் அடிக்கிற காலம். டிராக்டர் டிராக்டராக அள்ளிக்கொண்டு வந்து கொல்லையில் கொட்டிப் பரப்புகிறோம். இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு வழிவிட்டது. 2024-இல் அந்த அனுமதியைத் தாசில்தார் அளவிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று எளிதாக்கினார்கள். விவசாயிக்கு நல்ல காரியம்தான். அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எந்த அதிகாரியும் இதுவரை பதில் சொன்னதில்லை. அந்த வண்டலில் என்ன இருக்கிறது?

நிலத்துக்குச் சத்து என்று நாம் அள்ளிப் போடுகிறோம். மேட்டிலிருந்து மழைத்தண்ணி இழுத்துக்கொண்டு வந்ததெல்லாம் அதிலேதான் படிந்து கிடக்கிறது. மேட்டில் ஆட்டுப்பட்டி இருந்தால் ஆட்டு எரு வரும். மேட்டில் ஆலையும் சுரங்கமும் சாம்பல் மேடும் இருந்தால்? அதுவும் வரத்தானே செய்யும்!

இந்தக் கேள்வியை நாம் இன்றைக்குக் கேட்கிறோம். கடலோரத்து மக்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பட்டதைத் தெரிந்துகொண்டால் நாம் பட வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

தண்ணி ஓடிப்போகும், சேறு தங்கிவிடும்

ஆலைக் கழிவு பற்றிப் புகார் கொடுத்தால் என்ன நடக்கிறது? வாரியத்திலிருந்து வருகிறார்கள். ஒரு கேனில் தண்ணி பிடிக்கிறார்கள். "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்று ஒரு மாதம் கழித்துக் காகிதம் வருகிறது. அதோடு மனு முடிந்தது.

அந்தக் காகிதம் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ராத்திரியில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். மழை பெய்தால் கரைந்துபோயிருக்கும். தண்ணி சொல்வது அந்த நிமிஷத்துச் செய்தி மட்டும்தான்.

சேறு அப்படியல்ல. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் மாதிரியான கன உலோகங்கள் தண்ணீரில் ரொம்ப நேரம் மிதந்துகொண்டிருக்காது. மாவு போன்ற களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே ஓடும் தண்ணீரில் இருப்பதைவிட அடிச்சேற்றில் ஆயிரக்கணக்கான மடங்கு கூட இருக்கலாம். அதிலும் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கும்போது, தண்ணீரில் மிதந்துவந்த களிமண் பால் திரிந்த மாதிரி திரிந்து அடியில் இறங்கிவிடும். அதனால்தான் ஆற்றில் விட்ட விஷத்தில் பெரும்பங்கு கழிமுகச் சேற்றில் போய்ச் சேருகிறது. நண்டும் இறாலும் அந்தச் சேற்றிலேதான் மேய்கின்றன.

சேறு பழசை மறக்காது என்பதை மற்றவர்களைவிட நமக்குச் சுலபமாகச் சொல்லலாம். நம்ம கல்லங்குறிச்சியே ஒரு பழைய கடலடிதான். சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல் கிளிஞ்சலாக வருகிறதே, அது சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது அடியில் படிந்தது. மண்ணியல்காரர்கள் அந்தப் பாறை அடுக்குக்கு நம்ம ஊர் பேரையே வைத்திருக்கிறார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். 7 கோடி வருஷத்துச் சிப்பியைப் பத்திரமாக வைத்திருக்கிற சேறு, 30 வருஷத்துக் கழிவை மறைத்துவிடுமா?

கடலூர் சொல்லும் பாடம்

கடலூர் சிப்காட் 1980களில் வந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்துச் சரக்கு, பலவகை ரசாயனம் தயாரிக்கிற ஆலைகள் உப்பனாற்றங்கரை ஓரம் வரிசையாக நின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, சோனாஞ்சாவடி என்று பக்கத்து ஊர் சனங்கள் நாற்றத்தைத் தாங்க முடியாமல் மனு மேல் மனு கொடுத்தார்கள். "நாத்தம் அடிக்குதுன்னா ஆதாரம் எங்கே?" என்பதுதான் பதில்.

2004-இல் அந்த ஊர் மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, வாளியில் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பது தெரிந்தது. அவற்றில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையும் இருந்தன. பிறகுதான் அரசாங்கம் காது கொடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொண்டு நீரி என்கிற மத்திய ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வின் அறிக்கை 2008-இல் வெளியே வந்தது. அந்தப் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் சாதாரணத்தைவிட 2,000 மடங்கு கூட இருக்கலாம் என்றது அறிக்கை. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்கு 100-க்கு 77.45 கிடைத்தது. பள்ளிக்கூடப் பரீட்சையில் 77 வாங்கினால் சந்தோஷம். இந்தப் பரீட்சையில் 70-ஐத் தாண்டினாலே "கடுமையாக மாசடைந்த பகுதி"!

உப்பனாற்றுச் சேற்றையும் ஆய்வாளர்கள் விடவில்லை. பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் உள்ளவர்களும் மற்றவர்களும் அதை எடுத்து ஈயம், காட்மியம், தாமிரம், துத்தநாகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு முக்கியமான குறை உண்டு. ஆலை வருவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் கணக்கு எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் கட்டாயமானதே 1994-இல்தான். அதற்கு முன்னால் வந்த ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. "இது முன்னாடியே இங்க இருந்ததுதான்" என்று ஒருவன் வாதாடினால், மறுத்துச் சொல்ல முன்கணக்கு வேண்டாமா? கடலூரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். கணக்கை முன்னாலேயே எழுதி வை!

எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மேலே மிதந்ததை மீனவர்கள் வெறுங்கையால் வழித்து எடுத்தார்கள். அலையாத்திச் செடியின் வேரிலும் கரைச் சேற்றிலும் இறங்கினதை யார் வழித்து எடுப்பது?

ஆலை போகும், கழிவு போகாது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது.

மினமாட்டா: சேறுதான் சாட்சி சொன்னது

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு மீனவ ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. 1956-இல் கை கால் இழுத்துக்கொண்டு, பேச்சுக் குழறி, பூனைகூடச் சுற்றிச் சுற்றி விழுந்து சாகிற வியாதி வெளியில் தெரிந்தது. என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. ஆலை ஒத்துக்கொள்ளவில்லை.

குமமோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1959-இல் மீன், சிப்பி, அடிச்சேறு எல்லாவற்றையும் எடுத்து அளந்தார்கள். ஆலையின் கழிவு வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தில் ஒரு டன் சேற்றில் 2 கிலோ பாதரசம் இருந்தது! அங்கிருந்து கடலுக்குள் போகப் போக அளவு குறைந்துகொண்டே போனது. விரலை நீட்டி ஆலை வாசலைக் காட்டுகிற மாதிரி சேறு சாட்சி சொல்லிவிட்டது. 2 கிலோ என்றால் எவ்வளவு என்று சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்குப் புரியும். சுரங்கம் வைத்து எடுத்தால் கட்டுப்படியாகிற அளவு. அதே கம்பெனி பிற்பாடு அந்தச் சேற்றிலிருந்து பாதரசத்தைப் பிரித்து விற்கத் தனியாக ஒரு கம்பெனியே வைத்தது.

சாட்சி கிடைத்தும் ஜப்பான் அரசாங்கம் உண்மையை ஒத்துக்கொள்ள 1968 ஆனது. 1977-இல் ஆரம்பித்து 1990 வரை 15 லட்சம் கன மீட்டர் சேற்றை அள்ளி, 58 ஹெக்டேர் கடலைத் தூர்த்துப் புதைத்தார்கள். வாய்க்காலை முதல் நாளே அடைத்திருந்தால் இத்தனை உயிரும் போயிருக்காது, இத்தனை செலவும் ஆகியிருக்காது.

விஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விவசாயி தெரிந்து வைத்துக்கொண்டால் அதிகாரியை வேலை வாங்கலாம்.

ஒன்று, இடம். ஆலை வாய்க்காலுக்கு மேலே ஒரு மாதிரி, வாய்க்கால் விழுகிற இடத்தில் ஒன்று, கீழே தள்ளித் தள்ளிச் சில மாதிரிகள் எடுக்க வேண்டும். மேலே இல்லாதது கீழே இருந்தால் நடுவில் இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு, ஆழம். மேலாக வழித்தெடுத்தால் போதாது. குழாயைச் சேற்றில் இறக்கி உருவி, வாழைத்தண்டை வில்லை போடுவது மாதிரி சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுக்கிறார்கள். காற்றிலிருந்து படிகிற ஒருவகைக் கதிரியக்க ஈயம் 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதை அளந்தால் எந்த வில்லை எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். ஆலை வந்த பிறகு படிந்த வில்லையில் உலோகம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

மூன்று, சுத்தம். உலோகம் பார்க்க வேண்டிய மாதிரியை இரும்பு மண்வெட்டியால் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். எண்ணெய், பூச்சிமருந்து போன்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடிக் குடுவையில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு, சல்லடை. மணலில் உலோகம் ஒட்டாது, களியில்தான் ஒட்டும். அதனால் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்கும் மெல்லிய மாவைச் சலித்து எடுத்துச் சோதிப்பது வழக்கம். மணல் கலந்த மாதிரியைக் கொண்டுபோய் "அளவு கம்மி" என்று காட்டுவது சுலபம். ஏமாறக் கூடாது!

ஐந்து, அளவுகோல். கடல், கழிமுகச் சேற்றுக்கு அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி அளவு வைத்திருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வாளர்களும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ சேற்றில் பாதரசம் 0.15 மில்லிகிராமுக்குள் இருந்தால் உயிரினங்களுக்குக் கெடுதல் அபூர்வம், 0.71-ஐத் தாண்டினால் கெடுதல் அடிக்கடி வரும். ஈயத்துக்கு 46.7-ம் 218-ம். காட்மியத்துக்கு 1.2-ம் 9.6-ம்.

"எல்லாம் நீங்க போடுற உரம்தான்" என்பார்களே!

சொல்லத்தான் செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மணிச்சத்து உரத்தில் காட்மியம் கலந்திருப்பது உண்டு. டிடிடியை விவசாயத்தில் 1989-இல் தடை செய்த பிறகும், அதன் மிச்சம் கடலோரச் சேற்றில் கிடைத்துக்கொண்டு இருக்கிறது. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே எல்லா உலோகமும் சிறிதளவு உண்டு. நாம் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதனால்தான் முறையான சோதனை வேண்டும் என்கிறோம். இயற்கையாக மண்ணில் அலுமினியம் ஏராளம். அலுமினியத்துக்கு இத்தனை ஈயம் என்று ஒரு விகிதம் அந்தந்த மண்ணுக்கு இருக்கிறது. விகிதம் மீறினால் மனுஷன் கொண்டுவந்து சேர்த்தது என்று அர்த்தம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் விரல் ரேகை மாதிரி தனித்தனி அடையாளம் உண்டு, எந்தச் சரக்கு என்று கண்டுபிடித்துவிடலாம். உரத்தால் வந்ததா, சாம்பலால் வந்ததா, ஆலைக் கழிவால் வந்ததா என்று பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. நாம் பயப்படவில்லை. சோதனைக்கு யார் பயப்படுகிறார்கள் என்று பார்ப்போம்!

நம்ம கையில் இருக்கிற மண் வள அட்டையில் இது தெரியாது. அதில் 12 விஷயம் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கரிமம், கார அமில நிலை, உப்பு நிலை. பயிருக்கு என்ன குறை என்று அட்டை சொல்லும். ஈயமும் காட்மியமும் பாதரசமும் அதில் கிடையாது.

நம்ம மாவட்டத்தில் ஏன் இப்போதே?

நம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. சிமெண்ட் சூளையில் நிலக்கரி எரிகிறது. நிலக்கரியில் சிறிதளவு பாதரசம், ஆர்செனிக், ஈயம் இயல்பாகவே உண்டு. மற்ற ஆலைகளின் அபாயகரமான கழிவையும் சூளையில் சேர்த்து எரிக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் வழிவிடுகின்றன. எரித்தது போக மிச்சம் எங்கே விழுகிறது, எந்த ஏரிக்கு வருகிறது என்று கேட்பது நம் உரிமை.

பெரம்பலூர் எறையூரில் 2022-இல் சிப்காட் தொழில் பூங்கா திறந்தார்கள். ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நம்ம வீட்டுப் பெண்டுபிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. இவை கடலூர் மாதிரி ரசாயன ஆலைகளும் அல்ல. ஆனால் ஒரு பூங்கா வந்த இடத்தில் அடுத்து எந்த ஆலை வரும் என்று யாரால் சொல்ல முடியும்? முன்கணக்கு எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நம்ம மருதையாறு கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போகிறது. வடக்கே வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேருகிறது. நடுவில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024 ஜனவரியில் அதற்கு உலக அளவிலான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. நம்ம மேட்டில் விழுகிற விஷம் முதலில் நம் ஏரியில் தங்கும், பிறகு வண்டலாக நம் கொல்லைக்கு வரும், மிச்சம் கடலோரத்து மீனவன் வலைக்குப் போகும். உழவனும் மீனவனும் ஒரே வாய்க்காலின் இரண்டு கோடியில் நிற்கிறோம்.

சட்டத்தைப் பயன்படுத்துவோம், ஓட்டையையும் சொல்வோம்

மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் புதிய விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அப்போது நாடு முழுக்க 103 இடங்கள் மாசடைந்தவை என்று கண்டிருந்தார்கள். அதில் 7 இடங்களில்தான் சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தது! இந்த விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். வாரியம் 90 நாளில் முதல் கட்டச் சோதனையை முடிக்க வேண்டும். மாசு என்று உறுதியானால் கெடுத்தவன் செலவிலேயே சுத்தம் செய்ய வேண்டும்.

ஆனால் சுரங்க வேலையால் வருகிற மாசை இந்த விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு வேறு சட்டம் இருக்கிறதாம். சுரங்கத்தை நம்பியே ஓடுகிற மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்லவும் வேண்டுமா? இதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் ஆலை, சுரங்கம், சிப்காட் ஆகியவற்றின் கீழ்நோக்கிய ஏரி, ஓடை, ஆறுகளில் அடிச்சேற்றைச் சோதித்து முன்கணக்கு எழுது! கரைவெட்டி, மருதையாற்றிலிருந்து ஆரம்பி!

2. வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கும் ஏரிகளில் கன உலோகச் சோதனையை அரசு செலவில் செய்! சோதனையைச் சாக்கு வைத்து விவசாயியின் அனுமதியை இழுத்தடிக்காதே!

3. உரக்கடையில் மாதிரி எடுத்தால் மூன்று பங்காக்கி சீல் வைக்கிறார்களே, அதுபோல ஊர் முன்னிலையில் எடு! ஒரு பங்கை ஊராட்சியில் கொடு!

4. சோதனை முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

5. சேற்றுக்கும் வண்டலுக்கும் நாட்டுக்கென்று தர அளவு நிர்ணயம் செய்! 2025 விதிகளில் சுரங்க மாசையும் சேர்!

6. கடலூர், எண்ணூர் மக்களுக்கு நியாயம் வழங்கு! கெடுத்தவன் காசில் கழிமுகத்தைச் சுத்தம் செய்!

விவசாயப் பெருமக்களே!

அடுத்து வருகிற கிராமசபையில் அவரவர் ஊரில் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராமசபை இருக்கிறது. எது முதலில் வருகிறதோ அதில் பேசுங்கள். "எழுதிக்கிறேன்" என்று சொன்னால் விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்கு ஒரு கண்ணாடிக் குடுவையில் சேறு கொண்டுவாருங்கள். ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், எடுத்த தேதி எழுதி ஒட்டுங்கள். நூறு ஊரிலிருந்து நூறு குடுவை மேசை மேல் நின்றால், "இதில் என்ன இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போக முடியாது!

முன்கணக்கு எங்கள் உரிமை!
சேற்றைச் சோதி! முடிவை ஊருக்குச் சொல்!
உழவர் மீனவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், கல்லங்குறிச்சி